மெல்லச் சொல்லும் தோத்திரம்

திருகோணமலைப் பட்டினத்தினின்று நிலாவெளிக்குச் செல்லும் பெருந்தெருவிலே உப்புவெளியைக் கடந்து வடக்கு நோக்கிப் போவோர், சாம்பல்தீவுப் பக்கமாய்க் கடலை நாடித் திரும்பினால் சல்லி என்னும் சிற்றூரை அடைவர். கிழக்கே வங்கக் கடல். கரையிலே முத்துமாரியம்மன் கோயில். அதன் அயலிலே வள்ளங்களும் வலைகளும் வாடிகளும். உலகப் புகழ்பெற்ற இயற்கைத் துறைமுகத்தையும் அதிலே நங்கூரமிட்டு நிற்கும் பெருங்கப்பல்களையும் பார்த்துப் பழகிய கண்களுக்குச் சல்லி ஒரு பொருட்டாய்த் தோன்றாதிருக்கலாம். எனினும், கிறிஸ்தவ வாழ்விலே இறைவனுக்கு நன்றி செலுத்துதல் என்னும் பொருளைப் பற்றி எழுதப் புகுந்த எனக்கு முதலில் நினைவில் எழுவது இவ்வூரேயாகும். தேவாலயத்துப் பலிபீடத்தினின்று தொடங்க வேண்டியவன் மாரியம்மன் கோயில் வாசலினின்று தொடங்குகின்றானே என்று அன்பர் சிலர் வியக்கலாம். அதன் காரணம் போகப்போக விளங்கும்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். நன்றி என்பதற்கு இன்று நாம் கொள்ளும் பொருள் பழந்தமிழுக்கு உரியதன்று. நன்மை என்பதே அதன் பழம்பொருள். வள்ளுவர் தமது நூலின் 11ஆம் அதிகாரத்துக்குச் செய்ந்நன்றி அறிதல் என்று பெயர் வைத்தார். பிறர் செய்த நன்மையை அறிதல் என்பதே அத்தொடரின் கருத்தாகும். நன்மையைச் சொல்லுதல் என்று அவர் கூறினாரல்லர். அறிதல் என்றே கூறினார். மேடையிலே எழுந்து நின்று நன்றியுரை ஆற்றுவதும், கடிதத்தின் அடியிலே நன்றி என்று எழுதுவதும் பிற்காலத்துப் பழக்கங்கள். தமிழனுடைய பழைய வழக்கிலே நன்றி வாயைக் காட்டிலும் நெஞ்சுக்கும் கைக்குமே உரியதாயிருந்தது.

கரையூர்களில் இவ்வழக்கு இன்றும் மறையவில்லை. கரைவலை இழுக்குமிடத்தில் சற்று நேரம் நின்று பார்த்தவர் இதனை அறிவர். வலையின் இரு கயிறுகளையும் இரு வரிசையாய் ஆட்கள் பற்றி இழுத்துக்கொண்டிருப்பர். வழியே போகின்ற ஒருவன், வேலையற்ற கிழவனோ பள்ளிக்கூடத்துப் பையனோ, தானும் கயிற்றைப் பிடித்துச் சிறிது கைகொடுப்பான். மடி கரையேறியபின் அவனுடைய கையிலும் கறிக்கு நாலு மீன் விழும். கொடுத்தவனும் ஒன்றும் சொல்வதில்லை. பெற்றவனும் ஒன்றும் சொல்வதில்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது பழமொழி. உப்புவெளி என்னும் பெயருடைய ஊருக்கு அயலில் வாழ்வோருக்கு அதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை போலும்!

கிறிஸ்தவர்களாகிய நாமோ நிரம்பச் சொல்லும் கூட்டத்தினர். தோத்திரம் என்னும் சொல் நம் வீடுகளிலே காலையில் எழுந்தது முதல் இரவில் பாய் விரிக்கும் வரை ஒலித்துக்கொண்டேயிருக்கும். சில சபையாரிடையே அதுவே வணக்கச் சொல்லாகவும் வழங்குகின்றது. உணவுக்கு முன் ஒரு நன்றி. பிள்ளை பிறந்தால் ஒரு நன்றி. பரீட்சையில் சித்தியெய்தினால், நோய் தீர்ந்தால், புதுமனை புகுந்தால், வெளிநாடு செல்ல விசா கிடைத்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நன்றிப் பூசை அல்லது நன்றிக் கூட்டம். பத்திரிகைகளிலே புனித யூதா ததேயுவுக்கும் அந்தோனியாருக்கும் நன்றி கூறும் சிறு விளம்பரங்களையும் காண்கின்றோம். இவையெல்லாம் நல்லனவே. பெற்றதை மறக்கும் பேதைமையினும் பெற்றதைச் சொல்லும் எளிமை ஆயிரம் மடங்கு மேலானது. ஆனால் நன்றி இவ்வளவோடு நின்றுவிடுமாயின் அது கடைக்காரன் கொடுக்கும் பற்றுச்சீட்டைப் போன்றதாகிவிடும். கேட்டோம், கிடைத்தது, ஒப்பமிட்டோம், கணக்கு முடிந்தது! கேட்டது கிடைக்காத அண்டை வீட்டானுடைய கணக்கை அந்தச் சீட்டிலே யார் எழுதுவது?

இதனை எண்ணும்போது லூக்கா நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் வரும் உவமை என்னை அச்சுறுத்துகின்றது. பரிசேயனும் ஆயக்காரனும் ஆலயத்துக்குச் செபிக்கப் போகின்றனர். அவ்விருவருள்ளும் இறைவனுக்கு நன்றி என்று வாய்விட்டுக் கூறியவன் பரிசேயன் ஒருவனே. ஆயக்காரன் நன்றி கூறவில்லை, இரக்கமே வேண்டினான். பரிசேயனுடைய நன்றியோ, எட்டத்தில் நின்ற அந்த ஆயக்காரனைச் சுட்டிக்காட்டி, அவனைப் போல் நான் இல்லையே என்று மகிழ்ந்த நன்றி. நீதிமானாய் வீடு திரும்பியவன் அவன் அல்லன் என்று ஆண்டவர் தீர்ப்பளித்தார். நன்றி கூறுவதிலும் ஒருவன் தவறிப்போகக் கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமோ?

இனிச் சல்லிக்கு வருகின்றேன். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மார்கழிப் பூரணை, பௌத்தர்களுக்குப் போயா தினம், கிறிஸ்தவர்களுக்கு நத்தாரின் மறுநாள். இலங்கை நேரப்படி காலை 7 மணியளவில் சுமாத்திராத் தீவுக்கு மேற்கே கடலடியில் 9.1 அளவினதாகிய நிலநடுக்கம் நேர்ந்தது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திலே அதன் அலை நம் கிழக்குக் கரையை வந்தடைந்தது. இந்நாட்டிலே மாண்டோர் தொகை 30,000க்கு மேல். திருகோணமலை மாவட்டத்தில் மட்டும் ஏறத்தாழ 1,000 உயிர்கள். சல்லியும் அதன் அயற்கரைகளும் அன்று பட்ட பாட்டை எழுத்தில் வடிப்பது எளிதன்று. பாடு என்னும் சொல்லை எண்ணிப் பாருங்கள். மீனவன் வலை வளைக்கும் கரைப்பகுதி வலைப்பாடு, துன்பமும் பாடு, நம் ஆண்டவர் சிலுவையில் அடைந்தவற்றையும் பாடுகள் என்றே நம் முன்னோர் மொழிந்தனர்.

அலை வந்து சில நாட்களின் பின், நத்தார்க் காலம் முடியுமுன்னரே, நாங்கள் சிலர் பட்டினத்தினின்று அரிசியும் சட்டி பானைகளும் துணிமணிகளும் கொண்டு அப்பக்கத்து மக்கள் தங்கியிருந்த இடத்துக்குச் சென்றோம். வரிசையாய்க் கூடாரங்கள். நடுத்தர வயதுடைய ஒரு தாய் தம் இரு பிள்ளைகளையும் அருகே இருத்தி, ஒரு பேணியிலே தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தார். மாரியம்மனைக் கும்பிடும் குடும்பம், நெற்றியிலே திருநீறு. எங்களோடு வந்த இளைஞர் ஒருவர், நல்ல மனமும் பெரிய குரலும் வாய்ந்தவர், மகிழ்ச்சி தாளாமல், "அக்கா, உங்கட பிள்ளையள் ரெண்டையும் ஆண்டவர் காப்பாத்திப் போட்டார்! அவருக்குத் தோத்திரம் சொல்லுங்கோ" என்றார். அந்தத் தாய் நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. தாழ்ந்த குரலிலே சொன்னார்: "சொல்லுறன் தம்பி, ராவும் பகலும் சொல்லுறன். ஆனா மெல்லக் கதையுங்கோ. பக்கத்துக் கூடாரத்தில பிள்ளையைக் கடலுக்குக் குடுத்தவள் படுத்திருக்கிறாள்."

அத்தாயின் சொல்லை நான் எத்தனையோ பிரசங்கங்களுக்கு மேலாக மதிக்கின்றேன். அவர் நன்றி கூற மறுத்தாரல்லர். கடவுள் என்ன செய்துவிட்டார் என்று வெகுண்டாரல்லர். தம் நெஞ்சிலே பெருகிய நன்றி அடுத்தவளுடைய காதிலே முள்ளாய்த் தைத்துவிடலாகாது என்று அஞ்சினார். அவ்வளவே. பத்துக் குட்டரோகிகள் சுகமடைந்தபோது இயேசுவிடம் திரும்பி வந்தவன் ஒருவன். அவனும் சமாரியன், அயலான். அந்த அயலானைக் காட்டியே ஆண்டவர் தம்மவருக்கு நன்றியைக் கற்பித்தார். திருநீறு அணிந்த ஒரு தாயிடத்திலே கிறிஸ்தவனாகிய நான் நன்றியின் பாடத்தைக் கேட்டதில் புதுமை யாதும் இல்லையன்றோ?

ஆயினும் அவருடைய சொல் என்னுள்ளே ஒரு கேள்வியை நட்டுவிட்டது. மெல்லச் சொன்னாலும் தோத்திரம் தோத்திரமே. பிழைத்த என் பிள்ளைக்காக நான் கடவுளுக்கு நன்றி கூறினால், மாண்ட அவள் பிள்ளையைப் பற்றி நான் என்ன கூறியவனாகின்றேன்? என் பிள்ளையைப் பார்த்த கண்கள் அவள் பிள்ளையைப் பார்க்கவில்லை என்பதா? அவ்வாறு கூறுதல் தெய்வ நிந்தனை. அல்லது, இரண்டும் தற்செயல், நன்றி கூற ஒன்றும் இல்லை என்பதா? அங்ஙனம் கூறத் தாய் எவளாலும் இயலாது. பிழைத்த பிள்ளையின் தலையைத் தடவும்போது நெஞ்சு தானே நிறைந்து வழிகின்றதே!

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குரிய வேதவாசகத்தைப் பின்னர் எடுத்துப் பார்த்தேன். கத்தோலிக்கத் திருச்சபையின் வழிபாட்டு நாட்காட்டியிலே அன்று திருக்குடும்பத் திருவிழா. அவ்வாண்டுக்குரிய நற்செய்தி வாசகம் மத்தேயு 2ஆம் அதிகாரத்தினின்று எடுக்கப்பட்டது. வானதூதர் கனவிலே எச்சரிக்க, சூசையப்பர் இரவோடிரவாகக் குழந்தையையும் தாயையும் அழைத்துக்கொண்டு எகிப்துக்கு ஓடிப் பிழைத்த வரலாறு அது. ஒரு குடும்பம் தப்பியது. அன்று காலை கரையோரக் கோயில்களிலே பூசை கண்ட எத்தனை பேர் அவ்வாசகத்தைக் கேட்டிருப்பர்! கேட்டு வெளியே வந்து எதைக் கண்டிருப்பர்!

வாசகத்தின் எல்லைகளையும் கவனித்தேன். 13 முதல் 15 வரையுள்ள வசனங்கள் வாசிக்கப்படும். பிறகு 19 முதல் 23 வரை. இடையிலுள்ள 16, 17, 18 ஆகிய மூன்று வசனங்கள் அந்நாளில் வாசிக்கப்படுவதில்லை. அம்மூன்றிலேதான் ஏரோது பெத்லகேமின் ஆண் குழந்தைகளைக் கொல்விப்பதும், தாய்மார் அழுவதும், தேற்றுவார் இன்றி ராகேல் புலம்புவதும் சொல்லப்படுகின்றன. தப்பிய குடும்பத்தின் திருவிழாவிலே தப்பாத குடும்பங்களின் அழுகுரல் விடப்பட்டிருக்கின்றது. இதற்காகத் திருச்சபையைக் குறைகூற நான் வரவில்லை. ஏனெனில் அதே திருச்சபை டிசம்பர் 28ஆம் நாளை அக்குழந்தைகளுக்கென்றே மாசில்லாக் குழந்தைகள் திருநாளாக ஒதுக்கி, அன்று அந்த மூன்று வசனங்களையும் வாசிக்கின்றது. 2004இல் அந்த 28ஆம் நாள் செவ்வாய்க்கிழமை. நம் கரைகளிலே பிரேதங்களை அடக்கிக்கொண்டிருந்த நாள் அது. நாட்காட்டியை வகுத்தவர்கள் இதை நினைத்து வகுத்தார்களல்லர். எனினும் அந்த இரு நாட்களும் நம் வாழ்விலே அவ்வாண்டு அடுத்தடுத்து வந்து நின்றன.

மத்தேயு எழுதியதை மறுபடியும் படியுங்கள். எகிப்தை அடைந்ததும் சூசையப்பர் நன்றிப் பாடல் பாடியதாக அதில் இல்லை. நற்செய்தி நூல்கள் நான்கிலும் சூசையப்பர் வாய்திறந்து பேசியதாக ஒரு வார்த்தையேனும் எழுதப்படவில்லை என்பதை அறிஞர் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர். பக்திமான் ஒருவர் இறைவனுக்கு நன்றி கூறாதிருந்திருப்பாரா? கூறியிருப்பார். பெத்லகேமின் செய்தி எகிப்து வரை எட்டிய நாளிலே, தூங்கும் குழந்தையை நோக்கிக்கொண்டு, மிக மெல்லக் கூறியிருப்பார் என்று நான் எண்ணுகின்றேன். இது என் கற்பனையே. வேதத்தில் உள்ளதென்று யாரும் கொள்ள வேண்டாம்.

அன்று தப்பிய அந்தக் குழந்தையின் பிற்கால வரலாற்றை நாம் அறிவோம். முப்பத்துச் சில்லறை ஆண்டுகளின் பின், தப்ப வழியிருந்தும் தப்பாமல், பிறருக்காகத் தம்மைக் கொடுத்தவர் அவர். பெத்லகேமிலே மாண்டவர்களை விட்டு அவர் மேலானவராய் ஒதுங்கி வாழ்ந்துவிடவில்லை. சிறிது காலம் கழித்து அவர்களிடமே திரும்பி வந்தார் எனலாம். பிழைத்த உயிர் யாருக்குரியது என்னும் வினாவுக்கு அவருடைய வாழ்வே விடையாயிற்று.

பேரழிவின் நடுவே அற்புதமாய்ப் பிழைத்தோர் கதைகள் எக்காலத்தும் உண்டு. மட்டக்களப்பிலே நாவலடி என்பது கடலுக்கும் வாவிக்கும் இடையே அமைந்த ஒடுங்கிய மணற்றிட்டு. அங்கே சமாரித்தன் சிறுவர் இல்லத்தை நடத்திவந்த தயாளன் சாண்டர்ஸ் என்பார், அலை எழுந்து வருவதைக் கண்டு, இல்லத்துப் பிள்ளைகள் 28 பேரையும் இயந்திரப் படகிலே ஏற்றி வாவியைக் கடந்து காப்பாற்றினார். இயேசுவின் நாமத்தைக் கூப்பிட்டுக்கொண்டே படகைச் செலுத்தியதாக அவர் கூறிய செய்தி உலகப் பத்திரிகைகளில் வெளிவந்தது. அத்தனை பிள்ளைகளையும் கரையேற்றிய ஒருவர் கடவுளைத் துதிப்பது இயல்பே. அவருடைய நன்றியை அளக்க நான் யார்? அதே நாவலடியிலே மாண்டோர் பலர். அவர்களுடைய உறவினரும் அச்செய்தியைப் படித்திருப்பர். இரண்டையும் ஒருங்கே நினைக்கும் நெஞ்சே எனக்கு வேண்டும்.

வேளாங்கண்ணியின் கதை இன்னும் உருக்கமானது. 17ஆம் நூற்றாண்டிலே மக்காவோவினின்று நம் இலங்கையை நோக்கி வந்த போர்த்துக்கேயக் கப்பலொன்று புயலிற் சிக்கியதென்றும், மாலுமிகள் மாதாவை வேண்டிச் செப்டெம்பர் 8ஆம் நாள் அக்கரையிலே உயிரோடு ஒதுங்கினரென்றும், அந்த நன்றிக்காகவே அங்கிருந்த சிறு குடிலைக் கோயிலாகக் கட்டினரென்றும் மரபு கூறுகின்றது. கடலினின்று தப்பியவர் எழுப்பிய நன்றிக் கோயில் அது. 2004 டிசம்பர் 26இல் அக்கோயிலுக்குள் அலை புகவில்லை. ஆனால் நத்தாருக்காக வந்து கடற்கரையிலே நின்ற யாத்திரிகர் நூற்றுக்கணக்கில் மாண்டனர். கோயில் பிழைத்தது அற்புதம் என்று அந்நாட்களிலே சிலர் மகிழ்ந்து பேசக் கேட்டேன். சுவர்கள் பிழைத்ததற்கா நன்றி? அங்கே மாதாவைத் தேடி வந்து மடிந்தவர்களை அவள் தன் மக்களாகக் கருதவில்லையா? இவ்வகையான பேச்சை நான் விரும்புவதில்லை. பக்தியிலே பிறந்த பேச்சாயினும், சல்லித் தாயின் காதுக்கு அது உரத்த பேச்சே.

புனித பவுல் எல்லாவற்றிலும் நன்றி கூறுமாறு தெசலோனிக்கேயருக்கு எழுதினார். எபேசியருக்கு எழுதிய நிருபத்திலோ, எல்லாவற்றுக்காகவும் நன்றி கூற வேண்டும் என்ற கருத்து வருகின்றது. இவ்விரண்டும் ஒன்றல்ல. துன்பத்தினூடே நின்று நன்றி கூறுவது வேறு. துன்பத்துக்காகவே நன்றி கூறுவது வேறு. முதலாவதை விளங்கிக்கொள்கின்றேன். இரண்டாவது எனக்குக் கடினம். பிள்ளையை இழந்தவளிடம் சென்று, அந்த அலைக்காகவும் நன்றி கூறு என்று சொல்லத் துணிபவன், முதலில் தன் பிள்ளையை அந்த மணலிலே தேடியிருக்க வேண்டும். பவுலுக்கு அவ்வுரிமை இருந்தது. அவர் சிறையிலிருந்தும் சவுக்கடி பட்டும் எழுதினார். பிலிப்பியச் சிறையிலே நள்ளிரவில் அவரும் சீலாவும் கடவுளைத் துதித்துப் பாடிக்கொண்டிருக்கையில் நிலம் அதிர்ந்தது, கதவுகள் திறந்தன. ஆயினும் அவர்கள் ஓடவில்லை. தாம் ஓடினால் காவற்காரன் தற்கொலை செய்துகொள்வான் என்பதை உணர்ந்து, அங்கேயே இருந்து அவனைக் கூவித் தடுத்தனர். தமக்குத் திறந்த கதவின் வழியே இன்னொருவனுடைய உயிரைப் பார்க்க முடிந்தது அவர்களால்.

நன்றி எங்ஙனம் செலுத்தப்பட வேண்டும் என்பதற்குப் பழைய ஏற்பாட்டிலே ஒரு சட்டம் உண்டு. லேவியராகமம் என்றதும் ஆட்டு இரத்தமும் கொழுப்பும் என்று முகஞ்சுளித்துப் பக்கத்தைப் புரட்டுவோர்க்கு அது அகப்படாது. அந்நூலின் 7ஆம் அதிகாரத்தில் நன்றிப் பலிக்குரிய விதி வருகின்றது. பொருத்தனை நிறைவேற்றவோ தன் விருப்பத்தாலோ ஒருவன் செலுத்தும் சமாதானப் பலியின் மாமிசத்தை மறுநாளும் உண்ணலாம். நன்றிக்காகச் செலுத்திய பலியின் மாமிசத்தை மட்டும் அன்றைக்கே உண்டுவிட வேண்டும். விடியற்காலம் வரை மீதி வைக்கலாகாது. அப்பங்களும் அதனோடு படைக்கப்படும், புளித்தவையும் புளியாதவையுமாக. ஒரு முழு ஆட்டின் அல்லது மாட்டின் இறைச்சியையும் அத்தனை அப்பங்களையும் ஒரு வீட்டார் ஒரே பொழுதில் எப்படி உண்டு தீர்ப்பது? அக்கம்பக்கத்தாரைக் கூப்பிடாமல் முடியாது. நன்றி கூறுகின்றவன் தன் கதவைத் திறந்தே ஆக வேண்டும் என்று அந்தச் சட்டம் வற்புறுத்துவதாகவே நான் கொள்கின்றேன். சேமித்து வைத்த நன்றி மறுநாள் நாறிப்போகும்.

மீனும் அவ்விதமே அன்றோ! பனிக்கட்டியும் குளிர்ப்பெட்டியும் வருமுன்னர், பிடித்த மீனை அன்றைக்கே விற்க வேண்டும், உண்ண வேண்டும், கொடுக்க வேண்டும். எஞ்சியதை உப்பிட்டுக் கருவாடாக்க வேண்டும். கறிக்கு நாலு மீன் கொடுக்கும் வழக்கம் இத்தேவையினின்றே வளர்ந்திருக்கலாம். தேவையிலே பிறந்ததாயினும் அது கரையூராருடைய கையைத் தாராளமாக்கிவிட்டது. அலையால் வள்ளங்களும் வலைகளும் அழிந்தபின் பல மாதங்களாகத் தொழில் இல்லை. பின்னர் ஒருநாள் அவ்வூருக்குப் போயிருந்தேன். நான் மேலே கூறிய தாயின் கணவர் மீண்டும் கடலுக்குச் செல்லத் தொடங்கியிருந்தார். கொண்டுவந்த மீனிலே முதற்பங்கு பக்கத்துக் கூடாரத்தில் இருந்தவளுடைய வீட்டுக்குப் போனது. பெரியவன் ஒரு பையிலே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு ஓடி வந்தான். என்ன சொல்லிக் கொடுத்தாய் என்று கேட்டேன். "ஒண்டும் சொல்லேல்ல. அம்மா தந்தது எண்டன்" என்றான்.

திருச்சபையின் நடுநாயகமான வழிபாட்டுக்கு நற்கருணை என்று நாம் தமிழிலே பெயரிட்டிருக்கின்றோம். கிரேக்க மொழியிலே அதன் பெயர் யூகரிஸ்தியா. நன்றி செலுத்துதல் என்பதே அதன் பொருள். இயேசு அப்பத்தை எடுத்து நன்றி கூறியது எந்த வேளையில் என்பதைப் பவுல் மறவாமல் குறிப்பிடுகின்றார். காட்டிக்கொடுக்கப்பட்ட அந்த இரவிலே அவர் நன்றி கூறினார். தப்பியபின் கூறிய நன்றி அன்று அது. தப்பப் போவதில்லை என்று அறிந்து கூறிய நன்றி. கூறியதும் அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தார். நன்றியும் பிட்டுக் கொடுத்தலும் ஒரே மூச்சில் நடந்தன. அவற்றை நாம் பிரித்துவிட்டோம். நன்றியைப் பாட்டிலும் சாட்சியிலும் வைத்துக்கொண்டோம். பிட்டுக் கொடுத்தலைத் தருமக் காரியத்தின் கணக்கிலே எழுதிக்கொண்டோம்.

இன்னும் ஒன்றைக் கூற வேண்டும். திருப்பலியிலே குருவானவர் சொல்லும் நற்கருணை மன்றாட்டு தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே நன்றிச் செபமாகும். அதன் தொடக்கத்திலேயே இறைவனுக்கு நன்றி கூறுவது தகுதியும் நீதியும் என்று மக்கள் ஒப்புக்கொள்கின்றனர். அந்த நன்றிச் செபத்தின் உள்ளேயே, அது முடியுமுன்னரே, இறந்தோரை நினைவுகூரும் இடம் ஒன்று உண்டு. இளமையில் நான் அதைக் கவனித்ததில்லை. இறந்தோருக்கான செபம் வேறு, நன்றிச் செபம் வேறு என்றே பலரும் எண்ணுகின்றனர். பழைய திருச்சபை அவ்வாறு எண்ணவில்லை. பிழைத்தோர் தோத்திரம் சொல்லும் அதே செபத்தினுள்ளே, மாண்டோருக்கு ஓர் இடத்தை விட்டுவைத்தது. அவர்களை வெளியே நிறுத்திவிட்டு நாம் மட்டும் நன்றி கூற அது இடங்கொடுக்கவில்லை.

ஆண்டுதோறும் டிசம்பர் 26ஆம் நாள் காலை 9.25க்கு இந்நாட்டிலே இரண்டு நிமிட நேரம் மௌனம் கடைப்பிடிக்கப்படுகின்றது. ஞாயிறு அல்லாத ஆண்டுகளில் அது முதல் வேதசாட்சியாகிய புனித முடியப்பர் திருநாள். கரையோரக் கோயில்களில் அன்றும் பூசை உண்டு. நத்தார்க் குடில் கலைக்கப்படாமல் பீடத்தருகே இருக்கும்; பிள்ளைகள் புத்தாடையோடு வந்திருப்பர். மன்றாட்டு இறந்தோரை நினைக்கும் இடத்துக்கு வரும்போது குருவானவர் வழக்கத்தினும் சற்று நீளமாக நிறுத்துவார். பின் வாங்குகளிலே உதடுகள் அசையும். பெயர்கள் வெளியே கேட்பதில்லை. குழந்தையொன்று ஏதோ கேட்க, தாய் அதன் வாயைப் பொத்துவாள். கடல் அருகிலாதலால் அந்த இடைவெளியிலே அதன் ஓசை கோயிலுக்குள் நன்றாய்க் கேட்கும். அதன் பின்னரே அப்பமும் கிண்ணமும் உயர்த்தப்படும்.